தறி நின்ற தெரு

வடக்கே எங்காவது குண்டு வெடித்தால் மறுநாள் காலை என் போன் அடிக்கும். ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்று, திருப்பதியில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததிலிருந்து இதுதான் நடக்கிறது. மற்ற நாளெல்லாம் நான் யாருக்கும் வேண்டாத ஆள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, தண்ணீர் லாரிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டு, பேப்பரில் வரும் தப்புகளைச் சத்தம் போட்டுப் படித்து மனைவியின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருப்பேன். அப்பாவி ஜனங்கள் செத்தால் மட்டும் நான் நிபுணன். நல்ல பிழைப்புதான், போங்கள்.

இந்த முறை வெடித்தது ஒரு வாரச்சந்தையில். காய்கறி வாங்க வந்தவர்கள், விற்க வந்தவர்கள், இடுப்பில் இருந்த குழந்தைகள். திருப்பதியில் இருக்கிற ஒரு தெலுங்கு டிவியிலிருந்து விடிந்ததும் கூப்பிட்டார்கள்.

"போகாதீங்க," என்றாள் மனைவி. "போய்ப் பேசிட்டு வந்து ரெண்டு நாளைக்கு எம்மேல எரிஞ்சு விழுவீங்க. எனக்கு இன்னா தலையெழுத்தா?"

போனேன். நான் போகாவிட்டால் என்னைவிடப் பெரிய வாயாக ஒருவரைக் கூப்பிடுவார்கள் என்பது ஒரு காரணம். என் தங்கை மகன் ராணுவத்தில் சேர்ந்து அந்த வடக்கு எல்லையில்தான் நிற்கிறான் என்பது இன்னொன்று. நான் வாயைத் திறந்து நாலு நல்ல வார்த்தை சொன்னால் அங்கே அவனுக்கு ஏதோ பாதுகாப்பு கூடிவிடும் என்பது போல ஒரு அசட்டு எண்ணம். வயதானால் இப்படியெல்லாம் தோன்றும்.

அந்த ஸ்டுடியோவில் என் வழுக்கைத் தலைக்குப் பவுடர் போட்டார்கள். பின்னால் இருந்த திரையில் போர் விமானங்கள் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறந்தன. கேள்வி கேட்ட இளைஞன் ஏலம் போடுகிறவன் மாதிரி கத்தினான். எல்லாம் தெலுங்கில்தான்.

"சார், அவங்கள முடிக்க நமக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?"

"யாரை?"

"அவங்களத்தான் சார்!"

"யாருன்னே இன்னும் தெரியல. தெரியாம முடிக்கறதுக்கு இது கொசு மருந்து அடிக்கிற வேலையா தம்பி?"

அவன் முகம் சுண்டிப்போனது. நான் விடவில்லை. அடிக்கவே கூடாது என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை. அடித்திருக்கிறேன். என்னால் செத்தவர்கள் இருக்கிறார்கள். அதற்காகத் தூக்கம் கெட்டதும் உண்டு, கெடாததும் உண்டு. ஆனால் சந்தையில் குண்டு வைத்தவன் அங்கே இருந்தவர்களைக் கொல்ல மட்டும் வைக்கவில்லை. அங்கே இல்லாத நமக்கெல்லாம் பைத்தியம் பிடிக்கட்டும் என்றுதான் வைத்தான். நாம் எவ்வளவு சீக்கிரம் கத்துகிறோமோ அவ்வளவு சீக்கிரம் அவன் வேலை முடிந்தது. அதனால் முதலில் யார் என்று தெரிந்துகொள். வந்த செய்தி உண்மையா என்று பார், பார்த்ததை இன்னொரு தடவை பார். மாதக்கணக்கில் ஆகுமா, ஆகட்டும். செய்தவனையும் ஏவியவனையும் தேடிப் பிடித்து அடி. அவனுடைய ஊரையும் அவன் கும்பிடுகிற சாமியைக் கும்பிடுகிறவனையும் விட்டுவிடு. நாளைக்கு உனக்குத் துப்பு கொடுக்கப்போகிறவன் அவன்தான். அடித்துவிட்டு வந்து மேளம் தட்டாதே. சந்தையை மறுநாளே திற.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்த வேலையில் ஜெயித்துவிட்டோம் என்று மாலை போட்டுக்கொள்கிற நாள் வரவே வராது, இன்றைக்கு ஒன்றும் வெடிக்கவில்லை என்று படுக்கப் போவதுதான் அதிகபட்சம் என்றேன். அந்த இளைஞனுக்குத் தாங்கவில்லை. "அப்ப அடிக்கலாமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க சார்," என்றான். "கொட்டாலி," என்றேன். அடிக்க வேண்டும் என்று அர்த்தம். "கொட்டாலி. ஆனா..." என்று மேலே ஆரம்பிப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் முழுக்க அந்த ஒரு வார்த்தைதான் ஓடியது. என் மூஞ்சி, பவுடர் போட்ட மண்டை, கொட்டாலி. பின்னால் முரசு சத்தம். மறுநாள் வாக்கிங் போன இடத்தில் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சூப்பர் கர்னல் காரு! ரத்தம் கொதிச்சுப் போச்சு!" அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் உண்டு. வீட்டுக்கு வந்து, மனைவி சொன்னது போலவே, அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

அதற்குப் பிறகு சில நாட்களில் எல்லையில் சண்டை ஆரம்பித்தது. எங்கே, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. டிவிக்காரர்களுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. தங்கை மகனுடைய போன் அணைந்துபோனது.

தங்கை நாங்கள் பிறந்த நகரியிலேயே, அதே தறித் தெருவில் இருக்கிறாள். அவளும் அவள் புருஷனும் வீட்டிலேயே விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறார்கள். ஒரே பையன். அவன் ராணுவத்துக்குப் போகிறேன் என்றபோது நான்தான் முதலில் வேண்டாம் என்றேன். சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் இருக்கின்றன, ஏசியில் உட்கார்ந்து வேலை செய்யலாமே என்று எவ்வளவோ சொன்னேன். "நீங்க மட்டும் போவலாமா மாமா?" என்று சிரித்தான். தாய்மாமன் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை.

தங்கை போன் பண்ணினாள். அழவில்லை. "அண்ணா, நீ டிவியில பேசறது, மேப்பு போட்டுக் காட்டறது எல்லாம் எனக்கு வேணாம். எம்புள்ள கீறானா இல்லையா, அத மட்டும் கேட்டுச் சொல்லு."

"போனை வாங்கி வெச்சிருப்பாங்கம்மா. சண்டை நேரத்துல யாருக்கும் போன் குடுக்க மாட்டாங்க."

"அதான் எனக்கும் தெரியுமே. கீறானா?"

எனக்குத் தெரிந்த இடங்களில் எல்லாம் கேட்டேன். பழைய சகாக்கள் இழுத்து இழுத்துப் பேசினார்கள். நானே ஒரு காலத்தில் அப்படி இழுத்துப் பேசியவன்தான். தெரியாதபோதும் அப்படித்தான் பேசுவோம், தெரிந்து மறைக்கும்போதும் அப்படித்தான் பேசுவோம். இரண்டில் இது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. திருப்பதியில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் காரை எடுத்துக்கொண்டு புத்தூர் வழியாக நகரிக்குப் போனேன்.

ஊருக்குள் நுழைகிற முச்சந்தியில் பெரிதாக ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் தங்கை மகன். சீருடையில் சல்யூட் அடித்துக்கொண்டு, ஆளைவிடப் பெரிய மூஞ்சியோடு நின்றான். பின்னால் தேசியக் கொடி, இரண்டு பக்கமும் எரிகிற விளக்கு, மேலே பூ தூவுகிற மாதிரி ஏதோ. கீழே தெலுங்கில், எங்கள் தெரு வீரனுக்கு வணக்கம் என்று எழுதி, தெருப் பையன்கள் தங்கள் படங்களையும் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டையில் இருக்கிறவன் படத்தை முச்சந்தியில் மாட்டுவார்களா? எனக்குக் கோபம் தலைக்கேறியது. கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவனிடம் கழட்டு என்றேன். "பெருமைக்குத்தான் சார் வெச்சோம். சாயந்தரம் ஏணி கொண்ணாந்து எறக்கிடறோம்," என்றான். சாயங்காலம்தானே என்று விட்டுவிட்டு வந்தேன்.

தங்கை வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தங்கை புருஷன், என் மாப்பிள்ளை, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் தறியிடமே நின்றார். அந்த மனிதர் எப்போதுமே அதிகம் பேசமாட்டார். இப்போது அந்தப் பேச்சும் சுத்தமாக நின்றுபோயிருந்தது. தங்கை இளைத்திருந்தாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டே சமைத்தாள், செருகிக்கொண்டே குழாயடிக்குப் போனாள்.

"துன்றியா இல்லையா நீ?" என்று அதட்டினேன்.

"துன்னுக்கினுதான் கீறேன்," என்றாள். பொய்.

நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். செய்தி இல்லை என்றால் நல்லது என்று அர்த்தம். கெட்ட செய்தியை ராணுவம் தள்ளிப் போடாது. முறையாக, நேராக, வீட்டுக்கே ஆள் வந்து சொல்லும். வதந்தியைக் கேட்டுக் கலங்காதே. இப்படியெல்லாம், டிவியில் வெட்டிப் போட்ட மீதியை எல்லாம், அவளிடம் பேசித் தீர்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

விசைத்தறித் தெருவில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம் காதில் விழாது. சத்தம் நின்றால்தான் விழும். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்தால், தூக்குகிற வரைக்கும் தறி ஓடக்கூடாது. யாரும் வந்து சொல்லமாட்டார்கள். அழுகை கேட்ட வீட்டுக்காரன் தன் தறியை நிறுத்துவான். அவனுடையது நின்றது தெரிந்து பக்கத்து வீட்டுக்காரன் நிறுத்துவான். இன்னார் செத்தார் என்று கேட்டுக்கொள்வதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அன்றைக்குத் தெருக்கோடி வீட்டில் தறி நின்றது. தங்கை கத்தியை நிறுத்திக் காது கொடுத்தாள்.

"பெரியவர் போய்ட்டாரு போலக்கீது," என்றாள். அந்த வீட்டில் ஒரு கிழவர் ரொம்ப நாளாகப் படுக்கையில் இருந்தார். "பாவம், இழுத்துக்கினே கெடந்தாரு."

அடுத்த வீடும் நின்றது. அதற்கடுத்ததும். எதிர்சாரியில் நின்றது. அழுகைச் சத்தம் கேட்டது, ஆனால் அது கோடி வீட்டிலேயே இருக்கவில்லை. நகர்ந்து வந்துகொண்டிருந்தது. மாரில் அடித்துக்கொள்கிற சத்தம், நிறையப் பெண்கள் ஓடி வருகிற சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல்: "என் தம்பி பெத்த ராசாவே! என் சிங்கமே!"

மாப்பிள்ளையின் அக்கா குரல் அது. அந்தம்மாவுக்கு இருப்பது ஒரே தம்பி. அந்தத் தம்பிக்கு இருப்பது ஒரே பிள்ளை.

மாப்பிள்ளை எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கையை நீட்டித் தன் தறியைத் தானே நிறுத்தினார்.

அந்த அமைதியை நான் மறக்கமாட்டேன். எத்தனையோ சாவுகளைப் பார்த்தவன்தான், என்ன பிரயோசனம்? தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழுகை இல்லை, கத்தல் இல்லை, ரொம்ப மெல்லிய குரலில் கேட்டாள்:

"ஏண்ணா, உனக்குத் தெரிஞ்சுதான் வந்தியா?"

ஆள் நேராக வந்து சொல்லும் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் நான் சொல்லியிருந்தேன். வந்திருக்கிற ஆள் நான்தான் என்று அவள் நினைத்துவிட்டாள். இல்லையம்மா என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் நானும் நம்பிவிட்டேன். உண்மையா என்று பார், இன்னொரு தடவை பார் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த கர்னல், ஒரு தெருவில் தறிகள் நின்றதும் தன் மருமகன் செத்துவிட்டான் என்று நம்பிவிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தம்மா மாலையோடு உள்ளே வந்து தங்கையின் மேல் விழுந்தாள். பின்னாலேயே பள்ளிப்பட்டு, திருத்தணி பக்கத்துச் சொந்தம் எல்லாம். வேன் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். தங்கை கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள்தான் அழுதார்கள்.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. அந்தம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "யாரு சொன்னது உனக்கு? போன் வந்துச்சா? யாரு பேசினாங்க?"

"யாரு சொல்லணும்? அதான் ரோட்டுலயே போர்டு வெச்சுட்டாங்களே பாவிங்க!"

காலையில் அந்தம்மா புத்தூருக்குப் பஸ்ஸில் போயிருக்கிறாள். முச்சந்தியில் ஜன்னல் வழியாகப் பேனரைப் பார்த்திருக்கிறாள். அந்தம்மா தமிழ்நாட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், தெலுங்கு பேசுவாள், படிக்கத் தெரியாது. விளக்கு, பூ, நடுவில் பெரிய மூஞ்சி. எங்கள் பக்கத்தில் செத்தவர்களுக்குத்தான் அப்படி வைப்பார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கையில் இருந்த கண்ணீர் அஞ்சலி டிசைனிலேயே எழுத்தை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறான். பையன்களுக்கு விளக்கு அழகாக இருந்திருக்கிறது. அந்தம்மா அடுத்த ஊரில் இறங்கி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, மாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தம்பி வீட்டுக்கு மட்டும் போன் போடவில்லை. சாவு வீட்டுக்குப் போன் போட்டு, செத்தது உண்மைதானா என்று யாராவது கேட்பார்களா?

நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. "உயிரோட கீறான்! உங்களுக்கெல்லாம் அறிவிருக்கா?" என்று ஆரம்பித்து, ராணுவத்தில் கற்றுக்கொண்ட பாஷை எல்லாம் வெளியே வந்தது. கூட்டத்தில் யாரோ தாங்கமுடியாமல் சிரித்தார்கள். அந்தம்மா மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை யாரோ வாங்கிக் கால்வாயில் போட்டார்கள். பேனரைக் கிழித்தே எறிந்தார்கள்.

உயிரோடு இருக்கிறான் என்று கத்திவிட்டேனே தவிர, அது எனக்கு எப்படித் தெரியும்? தங்கைக்கு அது தெரிந்திருந்தது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆயுசு கெட்டி, இனிமேல் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் வந்தவர்களுக்குக் காபி போடப் போனாள். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு டம்ளரை நீட்டும்போதும் போன் அவள் இடுப்பிலேயே இருந்தது.

வந்தவர்கள் போனபிறகும் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. நிறுத்துவதற்கு வழக்கம் இருந்தது. சாவே இல்லாமல் நின்ற தறியை யார் முதலில் போடுவது என்பதற்கு வழக்கம் இல்லை. எல்லோரும் வாசலில் நின்று இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "கை வர மாட்டேங்குது மச்சான்," என்றார். கடைசியில் தங்கைதான் எழுந்து போய் சுவிட்சைப் போட்டாள். எங்கள் வீட்டுச் சத்தம் கேட்டபிறகு மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகப் போட்டன. இருட்டுகிற நேரம் ஆகிவிட்டிருந்தது.

சந்தையில் குண்டு வைத்தவனுக்கு நகரி என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாது. அவன் வேலை இங்கே வரைக்கும் வந்துவிட்டது. இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பெருமைக்குப் பேனர் வைத்தார்கள், பாசத்தில் ஓடி வந்தார்கள், மரியாதைக்குத் தறியை நிறுத்தினார்கள். இதற்கு நான் எந்த டிவியில் போய் என்ன பதில் சொல்ல?

மறுநாள் காலை போன் வந்தது. அவன்தான். தங்கை போனைக் காதில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அம்மாவும் மகனும் கொஞ்ச நேரம் பேசினார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், அவன் குரலும் எனக்குக் கேட்டது. முந்தின நாள் நடந்ததை அவள் அவனிடம் மூச்சு விடவில்லை. பிறகு, "மாமாகிட்ட குடுக்கச் சொல்றான்," என்று என்னிடம் நீட்டினாள். அப்பாடா, தங்கையின் சிரித்த முகத்தை எத்தனை நாள் கழித்துப் பார்த்தேன்!

"மாமா, கொஞ்சம் வெளிய வாங்க," என்றான் அவன். நான் வாசலுக்கு வந்தேன். "எங்கூட ஒருத்தன் இருந்தான் மாமா. குடிபாலா பக்கம். ஒண்ணாத்தான் செலக்ட் ஆனோம், ஒண்ணாத்தான் இருந்தோம். முந்தாநேத்து ஷெல் விழுந்துச்சு." அதற்குமேல் அவனால் முடியவில்லை. "அவங்க அம்மாவுக்கு சுகர் ஜாஸ்தி மாமா. போன்ல கேட்டாங்கன்னா தாங்க மாட்டாங்க. நம்ம ஆளு யாராச்சும் எதிர்ல இருந்து சொல்லணும். நீங்க போங்க மாமா."

நான் உடனே கிளம்பவில்லை. சித்தூரில் ராணுவக் குடும்பங்களைக் கவனிக்கிற அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பையனுடைய யூனிட்டோடு பேசினேன். பெயர், அப்பா பெயர், ஊர், எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தேன். இது வேறு ஏதாவது பையனாக இருந்துவிடாதா, ஏதாவது ஒரு எழுத்தாவது மாறியிருக்காதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. சித்தூர் அலுவலகத்திலிருந்து முறைப்படி சொல்ல ஆள் கிளம்புகிறது, நான் முன்னால் போனால் நல்லது என்றார்கள்.

தங்கை உள்ளே கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். "அவன்கிட்ட இன்னாண்ணா ரகசியம்?" என்று சிரித்தாள். லீவு விஷயம் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். அந்தக் குடிபாலா பையன் போன லீவில் அவள் வீட்டில் வந்து தங்கியவனாம். ஒரு காலையாவது அவள் நன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சித்தூரைத் தாண்டி வேலூர் ரோட்டில் குடிபாலா. அங்கிருந்து மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு மண் ரோடு. வீட்டை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கார் நின்றதுமே ஒருவர் தோட்டத்துக் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"சார்! டிவி சார்தானே நீங்க? கொட்டாலின்னு சொன்னீங்களே! எம்மா கரெக்டா சொன்னீங்க சார்! எம்பையனும் அங்கதான் கீறான்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், யாரு வந்துக்கீறாங்க பாரு! சேர் கொண்ணா!"

அவர் கையைக் கழுவிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரக் கை. விட மாட்டேன் என்றார். அவருடைய மனைவி பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"எங்கருந்து வரீங்க?"

"நகரியிலருந்தும்மா."

"எம்புள்ளயோட சிநேகிதம் ஒண்ணு நகரிதான்."

"அவன் என் தங்கச்சி மகன்மா."

"அவன் நல்லாக்கீறானா?"

"நல்லாக்கீறான்."

அவள் நாற்காலியைக் கீழே வைத்தாள். எனக்காகக் கொண்டுவந்த நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். அவன் நன்றாக இருக்கிறான் என்றால் நான் எதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டும்? அது அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் எதிரே மண்ணில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லவேண்டியதைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அதில் பிரயோசனம் இல்லை என்பது ஒன்றுதான் என் சர்வீஸில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது.

அப்பாக்காரர் நின்றுகொண்டே இருந்தார். "இல்ல சார், டிவியில ஒண்ணும் சொல்லலியே சார். நீங்க இன்னொரு தபா விசாரிங்க சார். நீங்க சொன்னா அங்க கேப்பாங்க சார்."

"விசாரிச்சுட்டுத்தாங்க வந்தேன்," என்றேன்.

அவர் திரும்பி, குழாயிலிருந்து தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்து, அதை நிறுத்தப் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். அந்தம்மா என் கையை விடவில்லை.

"உங்க தங்கச்சிகிட்ட அவன் பேசினானா?"

"காலையில பேசினான்."

"இன்னா பேசினாங்க?"

நான் தயங்கினேன். அவள் விடவில்லை. "சொல்லுங்க. அம்மாவும் புள்ளயும் இன்னா பேசிக்கினாங்க?"

"துன்னியாடான்னு அவ கேட்டா. துன்னேம்மான்னு சொன்னான். நீ துன்னியான்னு கேட்டான். துன்னுட்டேன்னு பொய் சொன்னா. குளிருதான்னு கேட்டா. இல்லம்மான்னான். அவ்வளவுதாம்மா பேசினாங்க."

அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்ததும், "இன்னொரு தபா சொல்லுங்க," என்றாள்.

நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.